லேபல் ஒளிரவில்லையா? நனோத்துகள் பூச்சில் வரும் கோளாறுகளும் அவற்றைப் பிடிக்கும் வழியும்

"பவுடர் பழுது தம்பி, ஒளிருதில்ல" என்றுதான் அச்சகத்திலிருந்து முதல் கோல் வரும். பெரும்பாலும் பவுடரில் ஒரு குறையும் இருக்காது. அடிக்கிற வெளிச்சம் பிழையாக இருக்கும், கடதாசி பிழையாக இருக்கும், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் பிழையாக இருக்கும், இல்லாவிட்டால் மாரி காலத்து ஈரம் உள்ளே போயிருக்கும். துகளைக் கடைசியாகச் சந்தேகித்தால் போதும்.

மட்டக்களப்புத் தேன் போத்தல், மருதமுனைக் கைத்தறிச் சாரம், தயிர்ச் சட்டி என்று போலி வந்து தொல்லை தருகிற பொருட்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் குறி போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சந்தையில் மூன்று குடும்பங்கள் உண்டு. கழியூதா (யூவி) வெளிச்சம் பட்டால் ஒளிர்பவை ஒன்று; காபன் புள்ளிகளும் இயூரோப்பியச் சேர்வைகளும் இதில் வரும். 980 நனோமீற்றர் அலைநீளச் செங்கீழ் (இன்ஃப்ராரெட்) லேசர் பட்டால் பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும் மேல்மாற்றத் துகள்கள் இரண்டாவது. பொதுவாக இட்ரியம் புளோரைட்டு வகைப் பளிங்குக்குள் இட்டெர்பியத்தோடு எர்பியம் அல்லது தூலியம் சேர்த்திருப்பார்கள். வெளிச்சத்தை அணைத்த பிறகும் இருட்டில் ஒளிர்ந்துகொண்டிருக்கும் ஸ்ட்ரொன்சியம் அலுமினேற்று மூன்றாவது. உங்களிடம் இருப்பது எந்தக் குடும்பம் என்று தெரியாமல் கீழே போகாதீர்கள். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சு.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் நான்கு இடத்தில் பாருங்கள்: குப்பியில் உள்ள பவுடர், கலந்த மை, அச்சிட்டுக் காய்ந்த குறி, மேற்பூச்சு போட்ட லேபல். ஒரு காலணிப் பெட்டிக்குள் வைத்து, ஒரே டோர்ச்சால், ஒரே தூரத்தில் இருந்து அடியுங்கள். ஒளி எந்த இடத்தில் செத்ததோ அந்த இடத்தில்தான் கோளாறு. இதைச் செய்யாமல் புதுப் பவுடருக்கு ஓடர் போடுவது காசைக் கடலில் போடுவது.

எங்குமே ஒளிரவில்லை, பவுடர் கூட

அப்படியானால் வெளிச்சத்தைச் சோதியுங்கள். கடைகளில் "யூவி டோர்ச்" என்று மலிவாகக் கிடைப்பதில் பல 395 நனோமீற்றர் வகை. அடித்தால் சுவரில் ஊதா நிறம் நன்றாகத் தெரியும். கழியூதா வேலை குறைவு. பல ஒளிர்பொருட்களுக்கு 365 வேண்டும். அந்த வகை டோர்ச்சின் முன்னால் கறுப்பு வடிகண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஊதாவை அது மறித்துவிடும், மெல்லிய குறியும் தெளிவாகத் தெரியும்.

டோர்ச்சைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு கிளாசில் டொனிக் வோட்டர், இன்னொரு கிளாசில் கொஞ்சம் மஞ்சள் தூள் கலந்த ஸ்பிரிட். மஞ்சள் எந்த ஊதா டோர்ச்சுக்கும் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். டொனிக் வோட்டரில் உள்ள குயினைனுக்கு உண்மையான கழியூதா வேண்டும். மஞ்சள் நன்றாக ஒளிர்ந்து டொனிக் மங்கலாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது 395. மேலும் உறுதி வேண்டுமென்றால் ஏதாவதொரு ரூபாய் நோட்டை நீட்டுங்கள். தாள் முழுவதும் இருட்டாக நிற்க, சில அடையாளங்கள் மட்டும் ஒளிர வேண்டும்.

மேல்மாற்றத் துகளுக்குக் கதை வேறு. அதற்குக் கழியூதாவால் பயனில்லை. 980 லேசர் வேண்டும், அதன் வெளிச்சமோ கண்ணுக்குத் தெரியாது. லேசர் எரிகிறதா என்று பார்க்க ஒருபோதும் அதன் வாய்க்குள் பார்க்காதீர்கள். தெரியாத வெளிச்சத்துக்குக் கண் இமைக்காது. விழித்திரை எரிந்த பிறகுதான் தெரியும். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லேசரை ஒரு கடதாசிமேல் அடித்து அந்தக் கடதாசியைக் கைபேசிக் கமெராவால் பாருங்கள். உங்கள் கமெராவுக்குச் செங்கீழ் தெரியுமா என்று முதலில் தொலைக்காட்சி ரிமோட்டை வைத்துச் சோதிக்கலாம். பட்டனை அழுத்தும்போது ரிமோட் நுனியில் வெள்ளை அல்லது ஊதாப் புள்ளி தெரிந்தால் அந்தக் கமெராவுக்குச் செங்கீழ் தெரியும். பின் கமெராவில் தெரியாவிட்டால் முன் கமெராவைப் பாருங்கள். பல போன்களில் அதில்தான் வடி மெல்லியது.

லேசர் எரிகிறது, ஆனாலும் ஒளிரவில்லையா? குவியத்தைச் சரிசெய்யுங்கள். இந்தத் துகள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறிய போட்டோன்களை (ஒளித் துணுக்குகளை) விழுங்கி ஒரு பெரிய போட்டோனைத் துப்புகிறது. அதனால் வெளிச்சத்தின் செறிவைப் பாதியாக்கினால் ஒளிர்வு பாதியாகாது, கிட்டத்தட்டக் கால்வாசியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகும். லேசர்ப் புள்ளி விரிந்துபோனால் குறி செத்ததுபோல்தான் தெரியும். புள்ளியைச் சிறிதாக்கினாலே பல "பழுதான" பவுடர்கள் உயிர்த்துவிடும்.

முழு லேபலும் நீலமாக ஒளிர்கிறது, குறியைக் காணவில்லை

எனக்கு அதிகம் வருகிற முறைப்பாடு இதுதான். குற்றவாளி கடதாசி. வெள்ளை வெளேர் என்று இருக்கிற அச்சுக் கடதாசியில் பிரகாசமூட்டிகள் கலந்திருக்கும். கழியூதாவை வாங்கி 420 முதல் 450 நனோமீற்றர் அளவில் நீலமாக விடுவதுதான் அவற்றின் வேலை. உங்கள் காபன் புள்ளி மையும் அதே நீலம். நீலத்துக்குள் நீலத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

லேபல் வாங்கப் போகும்போது டோர்ச்சைக் கொண்டுபோங்கள். மாதிரித் தாள்களை வரிசையாக வைத்து அடியுங்கள். இருட்டாக நிற்பதை எடுங்கள். பழுப்பு கிராஃப்ட் தாளும் சில பொலிபுரொப்பிலீன் ஸ்டிக்கர்களும் தேறும். "சில" என்றுதான் சொல்கிறேன். பிளாஸ்டிக்கிலும் பிரகாசமூட்டி போடுகிறவர்கள் உண்டு.

வாடிக்கையாளர் வெள்ளைத் தாளைத்தான் கேட்கிறார், மாற்ற முடியாதென்றால் குறி வருகிற இடத்தில் மட்டும் அடியில் ஒரு ஒளிபுகா வெள்ளை மைப் படலம் அடியுங்கள். அந்த மையில் இருக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு 400 நனோமீற்றருக்குக் கீழ்ப்பட்ட வெளிச்சத்தைத் தானே உறிஞ்சிவிடும். கீழே உள்ள கடதாசிக்குப் போகாது. மேலே உள்ள குறி கருமையான கட்டத்துக்குள் ஒளிரும். ஆனால் அந்த வெள்ளை மையையும் முதலில் டோர்ச்சில் பாருங்கள், அதிலும் பிரகாசமூட்டி இருந்தால் சனியனை வீட்டுக்குள் கொண்டுவந்த கதைதான்.

துணிக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. சாரத்தில் தைத்த துண்டு கடையில் அழகாக இருக்கும். வீட்டில் ஒருமுறை சலவைத் தூளில் போட்டு எடுத்தால் சாரமே நீலமாக ஒளிரத் தொடங்கும், ஏனென்றால் சலவைத் தூள்கள் பலவற்றில் அதே பிரகாசமூட்டி இருக்கிறது. துணிக்குக் கழியூதா நீலத்தை விட்டுவிடுங்கள். ஒன்றில் இயூரோப்பியத்தின் சிவப்பு, ஏறத்தாழ 615 நனோமீற்றர், நீலப் பின்னணியிலும் பிரிந்து தெரியும். இல்லாவிட்டால் மேல்மாற்றத் துகள். 980 லேசர் பிரகாசமூட்டியைத் தொடவே தொடாது, ஆகவே பின்னணி முழு இருட்டு. விலை அதிகம்தான். ஆனால் துணிக்கு அதுதான் சரி என்பது என் கருத்து.

குப்பியில் ஒளிர்ந்தது, காய்ந்ததும் செத்துவிட்டது

காபன் புள்ளிக்கே உரிய குணம் இது. தண்ணீரில் தனித்தனியாக நின்றபோது ஒளிர்ந்தவை, காய்ந்து ஒன்றோடொன்று நெருங்கியதும் ஒன்றின் சக்தியை மற்றது வாங்கி வெப்பமாக வீணாக்கும். ஒளிர்வு போதாதென்று இன்னும் துகள் சேர்ப்பதுதான் இங்கே எல்லோரும் செய்வது. அது நிலைமையை இன்னும் கெடுக்கும். குறைக்க வேண்டும். அப்புறம், துகள்களைத் தள்ளி நிறுத்த ஒரு பல்பகுதியம் (பொலிமர்) வேண்டும்: பொலிவைனைல் அல்ககோல் அல்லது பொலிவைனைல் பிரோலிடோன். அந்தப் பல்பகுதியத்தை நூற்றுக்கு ஐந்து பங்கு நிறையில் தொடங்கி, துகளின் அளவைப் பாதி, கால், அரைக்கால் என்று இறக்கிக்கொண்டே நாலைந்து பொட்டு ஒரே தாளில் இட்டுக் காயவிடுங்கள். நடுவில் ஏதோ ஒரு பொட்டு மற்றவற்றைவிடப் பளிச்சென்று நிற்கும்.

மேல்மாற்றத் துகளில் இது தலைகீழ். தண்ணீரில் இருக்கும்போது மங்கல், காய்ந்தால் பிரகாசம். தண்ணீர் 980 வெளிச்சத்தை உறிஞ்சுகிறது. போதாக்குறைக்குத் துகளின் மேற்பரப்பில் ஒட்டிய ஐதரொக்சில் கூட்டங்கள் அருமண் (எர்பியம், தூலியம் போன்ற உலோகங்கள்) அயனின் சக்தியை அதிர்வாகப் பறிக்கின்றன. எனவே ஈர மையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காய்ந்த பிறகும் மங்கல் என்றால் வாங்கும்போது வெளி ஓடு உள்ள துகளா என்று கேளுங்கள். கருவைச் சுற்றி அருமண் கலக்காத ஓர் ஓடு இருந்தால் மேற்பரப்பு இழப்பு வெகுவாகக் குறையும். பத்து நனோமீற்றர் அளவான ஓடில்லாத துகளுக்கு விற்பனைத் தாளில் என்ன எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

குறி வட்டமாக விளிம்பில் மட்டும் ஒளிர்கிறது

தேத்தண்ணி சிந்திக் காய்ந்தால் விளிம்பில் கறுத்த வளையம் விழுமே, அதுதான் இது. துளியின் ஓரம் முதலில் காய்கிறது, அதை ஈடுசெய்ய நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, போகிற போக்கில் துகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. 1997 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள்.

தண்ணீர் அல்லது எத்தனோல் மையில் எதிலீன் கிளைக்கோலோ கிளிசரினோ கொஞ்சம் சேர்த்தால் காய்தல் வேகம் மாறி, துகள் நடுவிலும் நிற்கும். தடிப்பாக்கியும் உதவும். காயவைக்கிற மின்விசிறியை நேரே மேலிருந்து அடிக்க விடாதீர்கள். கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் கதவைத் திறந்துவைத்து அச்சடித்தால் இந்த வளையம் அதிகம் வரும், மாரியில் அதே மை ஒழுங்காகக் காயும். ஒரே கலவை ஆடியில் ஒருமாதிரி, கார்த்திகையில் இன்னொருமாதிரி நடந்தால் காரணம் கலவையில் இல்லை, காற்றில்.

மை கட்டிபடுகிறது, அடியில் தங்குகிறது, ஊசிவாய் அடைக்கிறது

துகளை எதில் கரைத்துத் தந்தார்கள் என்று குப்பியில் பாருங்கள். மேல்மாற்றத் துகள்கள் பலவும் ஒலேயிக் அமிலப் போர்வையோடு வரும். அந்தப் போர்வை எண்ணெய்த் தன்மையானது. தொலுயீனிலும் சைக்கிளோஹெக்சேனிலும் நிற்கும், தண்ணீரில் நிற்காது. எவ்வளவு கலக்கினாலும் கட்டிதான். நீர்மைக்கு வேண்டுமென்றால் போர்வை மாற்றிய துகளை வாங்குங்கள். கழற்றும் வேலையை வீட்டில் அமிலத்தோடு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்க்ஜெட்டுக்கு ஒரு கணக்கு. ஊசிவாய் 20 மைக்ரோமீற்றர் என்றால் துகளோ துகள் கட்டியோ அதில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 0.4 மைக்ரோமீற்றர். சிரிஞ்சில் மாட்டுகிற 0.45 மைக்ரோமீற்றர் வடியால் வடித்தால் ஏறத்தாழ அந்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள். வடித்த பிறகு ஒளிர்வு வெகுவாகக் குறைந்தால் உங்கள் துகளில் பெரும்பகுதி கட்டியாகவே இருந்திருக்கிறது.

இருட்டில் ஒளிரும் பவுடரை மட்டும் இங்க்ஜெட்டில் போடவே போடாதீர்கள். நனோ என்று பெயர் போட்டு விற்றாலும் அதில் பெரும்பாலானது பல பத்து மைக்ரோமீற்றர் மணல். அரைத்துச் சிறிதாக்கலாமே என்று தோன்றும். அரைக்க அரைக்கப் பளிங்கு உடைந்து ஒளிர்வு போய்விடும். அதற்கு ஸ்கிரீன் அச்சுதான், வலைக்கண் துகளைப்போலக் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும்.

லெமினேட் போட்டதும் காணாமல் போய்விட்டது

லெமினேட் படலத்தை எடுத்து, நன்றாக ஒளிர்கிற ஒரு குறிக்கும் டோர்ச்சுக்கும் நடுவில் பிடியுங்கள். குறி அணைந்தால் அந்தப் படலத்தில் கழியூதா தடுப்பி இருக்கிறது. வெயிலில் நிறம் மங்காமலிருக்கப் போடுவது அது. நல்ல படலம் என்று அதிக விலைக்கு வாங்கியதில்தான் இருக்கும். வார்னிஷுக்கும் இதே சோதனை. தடுப்பி இல்லாத படலத்துக்கு மாறுங்கள், அல்லது குறியைப் படலத்தின் மேல் அச்சிடுங்கள். 980 துகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

சில வாரத்தில் மங்குகிறது

வெயிலா ஈரமா என்று முதலில் பிரியுங்கள். ஒரே தாளில் அச்சிட்ட லேபலை இரண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டின் பாதியை அலுமினியத் தாளால் மூடி ஜன்னல் வெயிலில் ஒட்டுங்கள். மற்றத் துண்டை ஈரப் பஞ்சு வைத்த மூடிய டப்பாவில், பஞ்சில் படாமல் தொங்கவிட்டு இருட்டில் வையுங்கள். இரண்டு கிழமை கழித்துப் பாருங்கள். மூடிய பாதி ஒளிர்ந்து திறந்த பாதி மங்கினால் வெயில். டப்பாத் துண்டு மங்கினால் ஈரம்.

வெயில் என்றால் உங்களிடம் இருப்பது சேதனச் சாயமாகவோ இயூரோப்பியச் சேதனச் சேர்வையாகவோ இருக்கும். சிவப்பு அழகு, ஆயுள் குறைவு. கடைக்குள் அலமாரியில் நிற்கிற தேனுக்குப் போதும், தெருவோரத் தட்டில் வெயில் காய்கிற போத்தலுக்குப் போதாது. பளிங்குக்குள் அருமண் உள்ள துகளுக்கு மாறுங்கள்.

ஈரம் என்றால் ஸ்ட்ரொன்சியம் அலுமினேற்றாக இருக்கலாம். தண்ணீர் பட்டால் அது ஐதரொட்சைட்டாகச் சிதைந்துவிடும், மையில் வெள்ளைக் கூழ்போல வந்தால் காரியம் முடிந்தது. சிலிக்கா போன்ற மேலுறை போட்டதை வாங்கி, நீரில்லாத மையில் கலக்குங்கள். பெரோவ்ஸ்கைட் (இன்னொரு வகை ஒளிரும் பளிங்கு) துகளின் பச்சையைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்களும் உண்டு. எங்கள் வாவிக்கரைக் காற்றுக்கு அது தாங்காது, அதில் ஈயமும் இருக்கிறது. கட்மியம் உள்ள குவாண்டம் புள்ளியையும் உணவுப் பொருளின் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

தயிர்ச் சட்டி தனி ரகம். மண் சட்டி எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கும், அதன்மேல் நேரே அச்சிட்ட எதுவும் நிற்காது. வாயை மூடிக் கட்டுகிற அட்டையில் போடுங்கள், உணவு படாத மேற்பக்கத்தில்.

பகலிலேயே குறி தெரிகிறது

படலம் தடிப்பு, அல்லது துகள் கட்டி. மெல்லியதாக அடியுங்கள். பளபளப்புதான் காட்டிக்கொடுக்கிறதென்றால் லேபல் முழுவதற்கும் அதே பல்பகுதியத்தைத் துகளில்லாமல் பூசிவிடுங்கள்.

எல்லாம் சரியாக ஒளிர்கிறது, ஆனால் போலியும் ஒளிர்கிறது

இதை யாரும் கோளாறாக எண்ணுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய கோளாறு. நீங்கள் இணையத்தில் வாங்கிய கழியூதா மையைப் போலிக்காரனும் வாங்கலாம். என்ன பொருள் என்பதை மறைத்துவைப்பதிலும் பெரிய காப்பு இல்லை. யூரோ தாளில் சிவப்பாக ஒளிர்வது இயூரோப்பியம் என்று நெதர்லாந்தின் யூத்ரெக்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2002 இலேயே நிறமாலையைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். யூரோவுக்கு அதனால் பெரிய நட்டம் வந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் அது ஒரு ஒளிர்வை மட்டும் நம்பியிருக்கவில்லை.

சிறு அச்சகத்துக்கும் அடுக்குவது முடியாத காரியமில்லை. ஒரே குறிக்குள் பாதி வடிவத்தைக் கழியூதா மையாலும் மீதியை மேல்மாற்ற மையாலும் அச்சிடலாம். டோர்ச் அடித்தால் ஒரு பாதி, லேசர் அடித்தால் மறு பாதி. எர்பியத் துகள் 520 முதல் 550 வரை பச்சையும் 650 பக்கம் சிவப்பும் சேர்த்து விடும். இவ்விரண்டின் விகிதம் துகளின் அமைப்பைப் பொறுத்து மாறும். அதில் கொஞ்சம் தூலியத் துகள் கலந்தால் நீலமும் சேரும். கலக்கும் விகிதம் உங்கள் கொப்பியில் மட்டும் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் மூல மாதிரியையும் சந்தேகப்படுகிற லேபலையும் பக்கத்தில் வைத்து ஒரே லேசரால் பாருங்கள்.

நேரத்தையும் பயன்படுத்தலாம். சேதனச் சாயத்தின் ஒளி டோர்ச் அணைந்த நனோசெக்கன்களில் அணையும். அருமண் ஒளி மில்லிசெக்கன் கணக்கில் நிற்கும். ஸ்ட்ரொன்சியம் அலுமினேற்று நிமிடக்கணக்கில். அருகருகே ஒரே நிறத்தில் ஒரு சாயப் புள்ளியும் ஒரு அலுமினேற்றுப் புள்ளியும் வைத்தால், டோர்ச்சை அணைத்ததும் ஒன்று மறைந்து மற்றது நிற்கும். கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட எளிய சோதனை கிடையாது.

தேன் போத்தலில் இவ்வளவும் செய்தாலும் ஒரு ஓட்டை மிச்சம். ஒளிர்வு லேபல் உண்மை என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே இருப்பது தேன் என்று சொல்லாது. வெறும் போத்தலை வாங்கி அதற்குள் சீனிப்பாகு ஊற்றினால் உங்கள் குறி அந்தப் பாகுக்கே சாட்சி சொல்லும். ஆகவே முன்பக்க லேபலில் போடுவதோடு நிறுத்தாமல், மூடியிலிருந்து கழுத்து வரை ஒட்டுகிற, இழுத்தால் கிழிந்துபோகிற மெல்லிய முத்திரையில் குறியை அச்சிடுங்கள். குறியின் நடு, மூடியும் கழுத்தும் சேர்கிற கோட்டுக்கு நேரே வரட்டும். திறந்த போத்தலில் டோர்ச் அடித்தால் குறி இரண்டு துண்டாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முத்திரையின் பசை பலமில்லை, கழற்றி ஒட்டியிருக்கிறார்கள். பசையை மாற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.